அன்னமேரிக்கு வந்த அழைப்பு

பீர்மேடு,
கல்லறைத் திருநாளுக்கு அடுத்த வாரம்.

என் அன்பு மகள் சோனாவுக்கு,

அம்மா எழுதுவது. மாதாவின் தயவால் இங்கே நானும் அப்பாவும் தம்பி சிஜுவும் சுகமாக இருக்கிறோம். பெங்களூரில் நீயும் அதே சுகத்தோடு இருக்க வேண்டும் என்று ஜெபமாலை சொல்லும்போதெல்லாம் உன் பேரையும் சேர்த்துக்கொள்கிறேன். தினமும் போனில் முகத்தைப் பார்க்கிறவளுக்கு எதற்குக் கடிதம் என்று நீ யோசிப்பாய். காரணம் இருக்கிறது. உன் அன்னமேரி பெரியம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு நம் எஸ்டேட் லயத்து வீட்டில்தான் படுத்திருக்கிறாள். அவள் மகன் லிபின் மஸ்கட்டில் இருக்கிறான், வேறு யார் பார்ப்பார்கள். இருக்கிற ரெண்டு அறையில் எங்கே நின்று பேசினாலும் அவள் காதில் விழும், வெளியே போனால் மழைக்கு சிக்னல் கிடைப்பதில்லை. அவள் கேட்கக் கூடாத ஒன்றை உனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால்தான் பேனாவை எடுத்தேன். முழுசாகப் படி, மீட்டிங் நடுவில் வைத்துக்கொண்டு படிக்காதே.

ஊர்ச் சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு முதுகுவலி குறைந்திருக்கிறது, ஜீப்புக்குத்தான் குறையவில்லை, கியர் போடும்போதெல்லாம் அது முனகுகிறது, இவரும் கூடவே முனகுகிறார். சிஜு பி.காம் படிப்பை நிறுத்திவிட்டு ஸ்டார்ட்அப் தொடங்கப் போகிறேன் என்று ஒரே பிடியாக நிற்கிறான். என்னடா தொடங்கப் போகிறாய் என்று கேட்டால் அது இன்னும் முடிவாகவில்லையாம், பேர் மட்டும் வைத்தாயிற்றாம். நீ ஒரு வார்த்தை சொல், உன் பேச்சைத்தான் கேட்பான். இப்போது இங்கே திரும்பிய பக்கமெல்லாம் இதே பேச்சுதான். மேல் லயத்து ஜிஸ்மி வீட்டில் செய்கிற சாக்லேட்டை டில்லிக்கு அனுப்புகிறாள். பூட்டிக் கிடந்த நம் தேயிலை ஃபேக்டரியின் ஆபீஸ் அறைக்கு வெள்ளையடித்து, நம் பிள்ளைகளே சில பேர் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இத்தனை காலம் கழித்து அந்த ஜன்னலில் வெளிச்சம் தெரிவதைப் பார்த்தால் மனசு நிறைகிறது. பஞ்சாயத்துக் கூட்டத்தில் உன் பேரையும் உன் கம்பெனியையும் சொல்லிக் கைதட்டினார்கள், சாமியார் பிரசங்கத்திலும் உன்னைச் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன், ஆனால் கோவிலில் இருக்கிற அத்தனை பேரும் என்னைப் பார்க்கட்டும் என்றும் இருந்தது. இதையெல்லாம் எழுதாமல் விட்டால், கீழே வருவதைப் படித்துவிட்டு அம்மாவுக்கு என் தொழில் பிடிக்கவில்லை என்று நினைத்துவிடுவாய்.

எஸ்டேட் மூடின பிறகு நாங்கள் ஏலக்காட்டு வேலைக்குப் போன காலம் உனக்கு நினைவிருக்கும். விடியும் முன்னே சோற்றுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஜங்ஷனில் நிற்போம். கம்பம்மெட்டுப் பக்கத்துத் தோட்டம் எதிலிருந்தாவது ஆள் வேண்டும் என்று சொல்லி வந்தால் அப்பாவின் ஜீப் கிளம்பும், வராவிட்டால் அதே பாத்திரத்தோடு வீட்டுக்கு வந்து அந்தச் சோற்றையே தின்போம். தோட்டத்துக்கு ஆள் கூப்பிட நீ செய்த ஆப் வந்த பிறகு அந்த நிற்பு போயிற்று. முந்தின நாள் சாயங்காலமே போன் வருகிறது, இன்ன தோட்டம், இன்ன ஜீப் என்று தெரிந்துவிடுகிறது, கூலியும் நேராக பேங்கில் விழுகிறது. எழுத்துக் கூட்ட வராத பெண்களுக்கும் புரிய வேண்டும் என்று என்னை ஒரு நாள் முழுக்கப் பேச வைத்துப் பதிவு பண்ணினாயே, அந்தக் குரல்தான் எல்லார் போனிலும் கூப்பிடுகிறது. நான் சொல்லாத வார்த்தையைக்கூட என் குரலிலேயே சொல்கிறது, ஒவ்வொருத்தியையும் பேர் சொல்லி அக்கா என்கிறது. முதலில் கேட்டபோது பயந்துபோனேன், அப்புறம் சிரிப்பு வந்தது. ஏட்டி லூர்து, நேத்து போன் பண்ணுனியே, நல்லாருக்கியான்னு ஒரு வார்த்த கேட்டியா என்று ஜீப்பில் வைத்து என்னைக் கிண்டல் பண்ணுவார்கள்.

அதெல்லாம் நல்லதுதான். பிறகு நீ ஒவ்வொருத்தி சாக்கிலும் கட்டம் கட்டமாக இருக்கிற அந்த அட்டையைக் கட்டச் சொன்னாய். எடை போடுகிற இடத்தில் சூப்பர்வைசர் போனைக் காட்டினால் யார் எவ்வளவு காய் எடுத்தாள் என்று உனக்கு வந்துவிடும், அதை வைத்து வாரத்துக்கு வாரம் பேர் வரிசை வரும், முன்னால் வருகிறவர்களுக்குப் பெரிய தோட்டம், பின்னால் வருகிறவர்களுக்கு அழைப்பு குறையும். திறமைக்கு மரியாதை என்று நீ சொன்னாய். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் ஜீப்புப் பெண்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு, அது உனக்குத் தெரியாது, தெரிய வழியுமில்லை. எங்களில் ஒருத்திக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால், வயிற்றில் பிள்ளை இருந்தால், வயசாகிக் கை மெதுவானால், நாங்கள் இடுப்புக் கூடையைக் கொட்டப் போகும்போது அவள் சாக்கிலும் ரெண்டு கை அள்ளிப் போட்டுவிட்டு வருவோம். அவளுக்குத் தெரியக் கூடாது. எங்களுக்குள்ளும் பேசிக்கொள்ள மாட்டோம், நான் போட்டேன் என்று சொல்லிக்காட்டுவது அசிங்கம். தேயிலைக் காலத்திலிருந்தே உண்டு, அப்போது கொழுந்து. நீ என் வயிற்றில் இருந்தபோது என் சாக்கிலும் விழுந்திருக்கிறது. பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தும் என் கைக்கு இவ்வளவு வேகமா என்று நான் திமிராகத் திரிந்தேன். உனக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்றைக்கு யாரோ வாய் தவறிச் சொல்லித்தான் தெரியும். எனக்கு அள்ளிப் போட்டவர்களில் முதல் ஆள் அன்னமேரி.

இப்போது அவள் முறை. முழங்கால் மடங்கவில்லை, கண்ணும் மங்கல், ஏலச்செடியின் தூரில் தரையோடு கிடக்கிற சரத்தில் பழுத்தது எது பிஞ்சு எது என்று தடவித்தான் பார்க்கிறாள். வரிசையில் கடைசியாக வந்தால் அவளைக் கூப்பிட மாட்டார்களே என்று எங்களுக்குப் பயம் வந்துவிட்டது. அதனால் ரெண்டு கை போடுகிறவள் நாலு கை போட்டாள். ஒருத்தி எவ்வளவு போட்டாள் என்று இன்னொருத்தியிடம் கேட்க முடியாது, ஆகையால் ஆளாளுக்கு இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்று போட்டுக்கொண்டே இருந்தோம். ஒரு வாரம் ஜீப்பில் வரும்போது அவள் போன் அடித்தது. வரிசையில் அன்னமேரி அக்காதான் முதல் என்று என் குரல் சொல்லிற்று. ஜீப்பே கைதட்டியது. நாங்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டே தட்டினோம். உண்மையை எப்படிச் சொல்வது. ஏட்டி, கண்ணு தெரியலன்னா என்ன, கை மறக்கலட்டி என்று அவள் சிரித்த சிரிப்பை நீ பார்த்திருக்க வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு, லிபின் அனுப்பி வைத்துப் பெட்டியிலேயே கிடந்த பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். நீ அவள் படத்தை அனுப்பச் சொல்லிக் கேட்டு வாங்கினாயே, அதே சேலைதான்.

அடுத்த வாரம் அவளுக்கு மட்டும் வேறு தோட்டம் வந்தது. செங்குத்தான மேட்டுக் காடு, வெவ்வேறு ஜீப்பிலிருந்து முதல் வரிசைக்காரர்களாகப் பொறுக்கிச் சேர்த்த கூட்டம். நான் காலையில் அவள் வாசலில் போய் நின்று, மழையாயிருக்கு, அந்தக் காடு வழுக்கும், நீ போக வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். என்ன காரணம் என்று கேட்டாள். காரணத்தை நான் சொல்ல முடியாது. அப்போது அவள் கையிலிருந்த போன் அடித்தது. அன்னமேரி அக்கா, ஜீப் வந்தாச்சு, வாங்க என்றது. என் குரல், சோனா. நான் அவளுக்கு எதிரே நின்று போகாதே என்கிறேன், அவள் கையில் இருந்துகொண்டு நானே வா என்கிறேன். நீதானடி கூப்பிடுற, அப்பறம் நீயே போவாதேங்குற என்று சிரித்துக்கொண்டே ஏறிப் போய்விட்டாள்.

அவள் விழுந்தது உனக்குத் தெரியும். எப்படிக் கிடந்தாள் என்பது தெரியாது. பாசி பிடித்த கல்லில் கால் வழுக்கிச் சரிவில் உருண்டிருக்கிறாள். எங்கள் கூட்டமாக இருந்தால் பக்கத்துச் செடியிலிருந்து பேச்சுச் சத்தம் நின்றாலே திரும்பிப் பார்ப்போம். அங்கே இருந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை, அவரவர் சாக்கு அவரவர் எடை என்று குனிந்த தலை நிமிராமல் காய் எடுத்திருக்கிறார்கள். சாயங்காலம் எடை போடும்போது ஒரு சாக்கு வரவில்லை என்றுதான் தேடியிருக்கிறார்கள். சாக்கைத் தேடப் போய் ஆளைக் கண்டிருக்கிறார்கள்.

இன்சூரன்ஸுக்கு ஏற்பாடு பண்ணினாய், ஆஸ்பத்திரிக்காரர்களிடம் நீயே பேசினாய், அதற்கெல்லாம் கர்த்தர் உன்னை ஆசீர்வதிக்கட்டும். ஆனால் போனில் நீ கேட்டாயே, முதல் இடத்தில் இருக்கிறவரால் அந்த மேட்டில் ஏன் நிற்க முடியவில்லை என்று, அன்றைக்கு நான் பதில் சொல்லாமல் வேறு பேச்சை எடுத்தேன். அவள் பக்கத்தில் படுத்திருந்தாள். பதில் இதுதான். உன் கணக்கில் அவள் பேருக்கு நேரே இருப்பது ஒரு ஜீப்புப் பெண்களின் கை. நாங்கள் செய்தது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன், நாளைக்கும் செய்வோம். நீ கெட்டது நினைத்துச் செய்தாய் என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் தை மாசம் கொல்லங்கோட்டு மாந்தோப்புகளுக்கும் இதையே கொண்டுபோகப் போவதாகவும், அதற்கென்றே ஒரு இன்வெஸ்டர் வந்திருப்பதாகவும் சிஜு சொன்னான். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. மாங்காய் ஏலக்காய் மாதிரி தரையில் காய்ப்பதில்லை, சோனா. அங்கேயும் இப்படி ஒரு வழக்கம் இருக்கும், அதைக் கேட்டால் உன்னிடமும் சொல்ல மாட்டார்கள். யாரையாவது கெட்டிக்காரன் என்று உன் போன் சொல்லும், அவனும் நம்பி உயரக் கிளைக்கு ஏறுவான். அந்த வரிசையை எடுத்துவிடு. ஆளைத் தனித்தனியாகக் கூப்பிடாதே, ஜீப்பை மொத்தமாகக் கூப்பிடு, எந்தக் காட்டில் யார் எங்கே நிற்பது என்பதை எங்களுக்குள் பார்த்துக்கொள்வோம். இன்வெஸ்டர் போய்விடுவார் என்றால் போகட்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, உன்னை நம்பி அந்த ஆபீசில் எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். அவரிடம் உண்மையைச் சொல். கேட்டுவிட்டும் இருக்கிறவராக இருந்தால் உனக்கு நல்லது. என் குரலையும் எடுத்துவிடு. வா என்று மட்டும் சொல்லத் தெரிந்து போகாதே என்று சொல்லத் தெரியாத குரல் என்னுடையதாக இருக்க வேண்டாம்.

இதில் ஒன்று மட்டும் கவனம். இது அன்னமேரிக்குத் தெரியக் கூடாது. கம்பு ஊன்றி நடக்கலாம், இனிமேல் மலையேற முடியாது என்று டாக்டர் அப்பாவிடம் சொல்லியிருக்கிறார், அதையே இன்னும் அவளிடம் சொல்லவில்லை. போனைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு, சாயங்காலம் ஆனால் எடுத்து எடுத்துப் பார்க்கிறாள். கோபமெல்லாம் இல்லை அவளுக்கு. அந்தப் பிள்ள கம்பெனிக்கு என்னால ஒரு கெட்ட பேரு வந்துறக் கூடாதுட்டி என்று என்னிடம்தான் சொல்லிக் கண் கலங்குகிறாள். கிறிஸ்துமஸுக்கு நீ கட்டாயம் வா. பழக்கூடையை அனுப்பாதே, நீயே வந்து அவள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொள். மன்னிப்பு என்று ஆரம்பிக்காதே, அவளுக்குப் புரியாது, ஏன் என்று கேட்பாள்.

வேளைக்குச் சாப்பிடு, காலைச் சாப்பாட்டைக் காப்பியோடு முடிக்காதே. முடி கொட்டுகிறது என்றாயே, எண்ணெய் காய்ச்சி வைத்திருக்கிறேன், வரும்போது தருகிறேன். ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும், உன் வேலையால் ஒருவருக்கும் காயம் வராமல் மாதா பார்த்துக்கொள்ளட்டும்.

இதை மடிக்கப் போகும்போது அன்னமேரி விழித்துக்கொண்டாள். யாருக்கு எழுதுகிறாய் என்றாள், உனக்கு என்றேன். கையை நீட்டி வாங்கி, காகிதத்தின் மேல் சிலுவை போட்டு உன்னை ஆசீர்வதித்தாள். கண்ணாடி இல்லாமல் அவளுக்கு ஒரு எழுத்தும் தெரியாது. பிறகு ஒன்று எழுதச் சொன்னாள். காலு சரியாவுற வரைக்கும் அந்த மொத எடத்த வேற யாருக்கும் குடுத்துற வேண்டாம்னு சோனாகிட்டச் சொல்லு என்றாள். எழுதிவிட்டேன் என்று காட்டினேன். வரிசையை எல்லாருக்கும் எடுத்துவிடு, மகளே. அவள் போனில் மட்டும் அப்படியே இருக்கட்டும்.

அன்பு முத்தங்களுடன்,
உன் அம்மா,
லூர்தம்மாள் மரியஜோசப்.