உப்புத் தண்ணீரில் வார்த்த ஸ்லாப்

செவ்வாய், திண்டிவனம்

கான்கிரீட் ஸ்லாப் செய்து விற்கும் என் யார்டில் வார்த்த கூரை ஸ்லாப் ஒன்றின் துண்டை விழுப்புரம் காலேஜுக்கு நானே கொடுத்தேன். ஆஸ்பத்திரியில் எடுப்பதுபோல கான்கிரீட்டையும் ஸ்கேன் எடுக்கிறார்களாம். அந்தப் படத்தைக் கடையில் மாட்டினால் வியாபாரத்துக்கு நல்லது என்று நினைத்தேன்.

ஆராய்ச்சி செய்யும் பெண் இன்று கம்ப்யூட்டரில் காட்டினாள். மாதாமாதம் எடுத்த படங்கள். ஒவ்வொன்றிலும் கம்பி மெலிந்துகொண்டே போகிறது.

"படத்துல கம்பியச் சுத்தி வெளுப்பா, பூச்சு மாதிரி இருக்கறது துரு சார். கான்கிரீட்டுல இருக்கற பொடி ஓட்டை வழியா பரவிக்கினே போவுது. உள்ளயே உப்பு இருந்திருக்குது. என்னா தண்ணி ஊத்தனீங்க?"

அதை வார்த்த கோடையில் போர்வெல் தண்ணீர் உப்புக் கரித்தது. லாரித் தண்ணீர் வரும்வரை வேலையை நிறுத்த மனமில்லாமல் அதையே ஊற்றச் சொன்னேன்.

"இதே ஸ்லாப் யார் தலைக்கு மேலனா இருக்குதா சார்?"

ஒலக்கூரில் செல்வி வீட்டுக் கூரை முழுக்க அதுதான். புருஷன் இல்லாதவள், என்னை நம்பி வாங்கினாள்.

பஸ் ஸ்டாண்டில் நின்று அவளுக்குப் போன் செய்தேன்.

"சொல்லுங்கண்ணே. பசங்க படிச்சிக்கினு கீதுங்க."

எல்லாம் சொன்னேன். நாளைக்கே முட்டுக் கொடுத்துவிட்டு, வேறு கூரை போட்டுத் தருகிறேன் என்றேன்.

"ஊத்தும்போதே தெரியுமாண்ணே உங்களுக்கு?"

"தெரியும்மா."

அவள் திட்டவில்லை. போனைக் கீழே வைத்தாள் போல, லைன் அறுபடவில்லை. பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி வெளியே வரச் சொல்வது கேட்டுக்கொண்டே இருந்தது.