அப்பாவின் வருத்தமும் உன் சாப்பாடும்

பிள்ளையார் துணை

கண்டி,
14.06.1998

அன்பு மகன் யோகேந்திரனுக்கு,

கட்டுக்கலைப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு வந்து அம்மா எழுதுவது. சுவிசில் நீ சுகமாக இருப்பாய் என்று நம்பித்தான் தொடங்குகிறேன், ஆனால் நாங்களும் சுகம் என்று எழுத இந்த முறை கை வரவில்லை. அப்பாவுக்குக் கடுமையான வருத்தம். ஆண்களுக்குச் சிறுநீர் தங்குகிற சலப்பைக்குக் கீழே புரொஸ்டேட் என்று ஒரு சுரப்பி இருக்கிறதாம், அதில் புற்றுநோய். உனக்கு எழுதச் சொன்னவரும் அவர்தான்.

போன வருடக் கடைசியிலேயே அவருக்குச் சலம் கடுத்துக் கடுத்துப் போகத் தொடங்கிவிட்டது. கேட்டால், "வயது போனால் எல்லாருக்கும் இப்பிடித்தான், நீர் சும்மா இரும்" என்று சொல்லிவிடுவார். தை மாதம் தலதா மாளிகையில் குண்டு வெடித்த பிறகு வெளியே இறங்கவே பயம், அடையாள அட்டையில் யாழ்ப்பாணம் என்று கண்டால் போதும், இறக்கி ஒரு பக்கம் நிற்பாட்டிவிடுவார்கள். அதனால் ஆஸ்பத்திரிக்குப் போவதையும் தள்ளிக்கொண்டே வந்தார். சித்திரையில் பெரியப்பாவின் திவசத்துக்கென்று கொழும்பு வெள்ளவத்தைக்கு இரண்டு பேரும் பஸ் ஏறினோம். பிலிமத்தலாவை கழிந்ததும் அவரால் இருக்க முடியவில்லை, சொல்லவும் வெட்கம், முன் சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வியர்த்து வழிய இருந்தார். பிறகு ஓரிடத்தில் சோதனைக்காக வாகனங்கள் வரிசையில் நிற்க, கொண்டக்டரிடம் சொல்லிவிட்டு இறங்கிப் பற்றைக்குள் போனார். திரும்பி வரும்போது இரண்டு பக்கமும் ஆமிக்காரர் பிடித்துக்கொண்டு வந்தார்கள். பற்றைக்குள் எதை ஒளித்தாய் என்று கேட்டார்கள். சலம் போகப் போனேன் என்றார் அப்பா. அவர்கள் போய்ப் பார்த்தார்கள், இடம் காய்ந்து கிடந்தது. அவருக்கு ஒரு சொட்டும் போகவில்லை என்பதை யார் நம்புவார்கள் மகன்.

பொலிசில் கொண்டுபோய் மர வாங்கில் இருத்தினார்கள், நான் வாசலில் நின்றேன். அவர் கக்கூசுக்குப் போகக் கேட்பார், ஒருவன் கூட்டிக்கொண்டு போவான், ஒன்றும் இல்லாமல் திரும்பி வருவார். பிறகு, நடிக்கிறான் என்று விடவில்லை. பின்னேரம் அடிவயிறு பானை மாதிரி வீங்கிவிட்டது. "ஐயா, வயிறு வெடிக்கப்போகுது" என்று அவர் சிங்களத்தில் கெஞ்சினது எனக்கு வாசலில் கேட்டது. எண்பத்து மூன்று கலவரத்தில் வீடு எரிந்தபோதுகூட ஒருவரிடமும் கெஞ்சாத மனிசன். அங்கே இருந்த ஒரு பொலிஸ் பிள்ளைதான் வயிற்றைக் கண்டுவிட்டு, இந்த ஆள் செத்தால் யார் பொறுப்பு என்று பெரியவனிடம் சண்டை பிடித்து ஜீப்பில் ஏற்றிவிட்டாள். சிங்களப் பிள்ளை, பெயரும் தெரியாது. ஆஸ்பத்திரியில் குழாய் போட்ட பிறகுதான் அப்பா கண்ணைத் திறந்தார்.

பிறகு கண்டியில் டொக்டர் றிஸ்வி எல்லாச் சோதனையும் செய்து பார்த்தார். முள்ளந்தண்டு வரை பரவிவிட்டது. ஒப்பரேஷன் செய்தார்கள், அது நோயை மாற்றுவதற்கு இல்லை, கொஞ்சக் காலம் அடக்கி வைப்பதற்காம். குடும்பத்தில் வேறு யாருக்கும் இருந்ததா என்று கேட்டார். பெரியப்பா இடம்பெயர்ந்து போன இடத்தில் முதுகு நோவென்றும் சலம் போகவில்லையென்றும் துடித்துத்தானே செத்தவர், அதையும் சொன்னேன். அப்படியே, ஞாயிறு தவறாமல் ஆட்டிறைச்சியும் பொரியலும் தேங்காய்க் கட்டிப்பாலுமாகச் சமைத்துப் போட்டேனே, அதனால் வந்ததா என்றும் கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார்: "அம்மா, நீங்க சமைச்சதாலதான் வந்திச்சின்னு ஒத்தராலயும் சொல்ல ஏலா. வயசும் குடும்ப வழியும்தான் பெரிய காரணம். ஆனா இறைச்சி, கொழுப்பு, பால் சாமான் கூடுதலாச் சாப்பிடுற நாடுகள்ல இந்த நோய் கூட. நம்ம பக்கத்துல இருந்து அங்க போனவங்களுக்கும் காலம் போகப் போகக் கூடுதாம். மகன் அங்கதானே, அவர்ட சாப்பாட்டத்தான் பாக்கணும்."

அன்றையிலிருந்து எனக்கு உன் நினைவுதான். வேலை செய்கிற ரெஸ்ரோரண்டில் மிஞ்சுகிற பன்றி இறைச்சியும் சீசும்தான் உனக்குச் சாப்பாடு என்று நீயே எழுதியிருந்தாய், போன முறை அனுப்பின படத்தில் வயிறும் வைத்திருக்கிறாய். ஒரேயடியாக விடச் சொல்லவில்லை. இறைச்சியைக் குறைத்து மீன், பருப்பு, கீரை என்று மாற்று. வெண்ணெயையும் சீசையும் குறை. தக்காளியை வதக்கிச் சாப்பிடுவது நல்லதென்று ஒரு பேச்சு இருக்கிறதாம், முடிந்த முடிவு இல்லை என்றார் டொக்டர், ஆனாலும் சாப்பிடு. பக்கத்து வீட்டு றலியாவின் தம்பிக்கு ஹேவாஹெட்டவில் தோட்டம், அவள் பை நிறையத் தக்காளி கொண்டுவந்து தருகிறாள். அப்பா, "எனக்கு இனிப் பத்தியம் என்னத்துக்கு, பெடியனுக்கு எழுதும்" என்று தட்டைத் தள்ளிவிடுகிறார். போன ஞாயிறு ஆட்டுக்கறி கேட்டார், ஆசையாகக் கேட்கிறாரே என்று சமைத்தேன். ஒரு வாய் வைத்துவிட்டுப் போதும் என்றார்.

நாற்பது வயது வரட்டும் என்று காத்திராமல் இப்பவே அங்கே ஒரு டொக்டரிடம் போய், அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் வந்ததைச் சொல்லி, இரத்தம் எப்போது சோதிக்க வேண்டும் என்று கேள். சாப்பாட்டை மாற்றினால் வராது என்று ஒருவரும் உறுதி தரவில்லை, அதனால் இது முக்கியம். வெட்கப்படாதே, அப்பா வெட்கப்பட்டது போதும்.

இனி எழுதப்போவது அப்பாவின் சொல். நீ வரக்கூடாது. உன் அகதி வழக்கு முடியவில்லை, வந்தால் திரும்பிப் போக ஏலாது, எயார்போட்டிலேயே பிடித்தாலும் கேட்க ஆளில்லை. "கொள்ளி வைக்க அவன் வரவேண்டாம், விவேகானந்தனிட்டைச் சொல்லியாச்சு" என்றார். பெரியப்பாவின் மகன்தானே அவன், ஓம் என்றுவிட்டான். செய்தி வந்தால் அங்கேயே தலை முழுகு. வேலைக்கு லீவு எடுப்பாய்தானே, அந்த லீவில் இரத்தத்தைச் சோதித்துக்கொள்.

என் ஆயுளையும் சேர்த்து நீ இருக்க வேண்டும்.

உன் அம்மா,
ஸ்ரீ. கமலாசனி

இதை நான் வாசிக்க, அப்பா பக்கத்தில் இருந்து கேட்டார். கையெழுத்துப் போட ஏலவில்லை.