உன்னை முந்தியவனுக்குக் கொடுத்த சக்கரம்

அண்ணே,

பேரன் தன் சைக்கிளுக்குப் புது டயர் வாங்கிவந்து கூடத்தில் சாய்த்து வைத்திருக்கிறான். காலையிலிருந்து வீடெல்லாம் ரப்பர் வாசனை. மருமகள் மூக்கைச் சுளிக்கிறாள். எனக்கோ இருப்புக் கொள்ளவில்லை. இந்த வயதில் நெஞ்சு இப்படிப் படபடத்தால் டாக்டரிடம் போகச் சொல்வார்கள். இது கிள்ளான் திடலின் படபடப்பு என்று அவர்களுக்கு எப்படிப் புரியும்? அதனால் உனக்கே எழுதுகிறேன்.

அன்று விடுமுறை. பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து நாம் இருவரும் கிள்ளான் சைக்கிள் பந்தயத்துக்கு ரயிலில் போனோம். சைக்கிள் சரக்குப் பெட்டியில். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நீ இறங்கி ஓடி, அது பத்திரமா என்று பார்த்துவிட்டு வந்தாய். செந்தூல் ரயில் பட்டறையில் வேலை முடிந்து வந்து, மாதக்கணக்கில் நீயே கம்பி கோத்து நிமிர்த்திய சக்கரங்கள் அல்லவா! அம்மா உனக்கு மட்டும் தினமும் முட்டை அவித்தாள். நான் பொறாமையை விழுங்கிக்கொண்டு உன் சட்டைக்கு நீலப் பட்டை தைத்தேன்.

முதல் சுற்றில் முந்தி வரும் இருவருக்குத்தான் இறுதி ஓட்டத்தில் இடம். கடைசி வளைவு வரை நீ இரண்டாவது. திடீரென்று சிவப்புச் சட்டை போட்ட சீன இளைஞன் ஒருவன் உள்பக்கமாக நுழைந்து உன்னை முந்திவிட்டான். நான் புல்லில் உட்கார்ந்து அழுதேன்.

"அழாத தங்கச்சி. தோத்தவங்களுக்குன்னு கடைசியில தனி ஓட்டம் இருக்கு லா. அதுல பாரு!" என்றாய்.

இறுதி ஓட்டத்துக்கு மணி அடிக்கப் போகும் நேரம். ஓட்டிப் பழகிக்கொண்டிருந்த சிவப்புச் சட்டைக்காரன் இன்னொருவனோடு மோதித் தன் முன்சக்கரத்தை வளைத்துக்கொண்டான். கேட்டுப் பார்த்தான், யாரும் சக்கரம் தரவில்லை. எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. திரும்பிப் பார்த்தால், நீ மண்டியிட்டு உன் முன்சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருக்கிறாய்!

"அண்ணே, உனக்கென்ன பைத்தியமா? உன்னைத் தோக்கடிச்சவன் அவன்!"

"என்னையே முந்தினவன் சக்கரம் இல்லாம நிக்கலாமா? புடி இந்த ஸ்பானர!"

"அப்ப உன் ஓட்டம்?"

நீ சக்கரத்தை உருட்டிக்கொண்டு அவனிடம் போய்விட்டாய். சக்கரத்தை மாட்டி முடித்ததும், உடைந்துவிட்டால் என்ன செய்வது என்று அவன் மலாயில் தயங்கித் தயங்கிக் கேட்டான். "தாப்பா லா! பரவாயில்ல, போ, போ!" என்று அவன் முதுகில் ஓங்கித் தட்டினாய்.

பிறகு நடந்ததை எப்படி எழுதுவேன்! திடலைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றை ஒட்டி நீ கூடவே ஓடினாய். பெயர் தெரியாது, "சிவப்பு! மிதி, சிவப்பு, மிதி!" என்று கத்தினாய். அவனுக்குத் தமிழ் தெரியுமா என்று யோசிக்க நேரம் ஏது? நான்காவதாக இருந்தவன் மூன்றாவதானான், இரண்டாவதானான்... நான் எப்போது எழுந்தேன், எப்போது உன்னோடு கத்தத் தொடங்கினேன் என்று எனக்கே தெரியாது. முதலாவதாகக் கோட்டைத் தாண்டினான், அண்ணே! தாண்டிய கையோடு டயர் டமாரென்று வெடித்தது. புல்லில் உருண்டவனைத் தூக்க முதலில் ஓடியவன் நீதான். அவன் உன்னைக் கட்டிக்கொண்டு அழுதான். நீ சிரித்தாய்.

தோற்றவர்களின் ஓட்டத்துக்கு உன் பெயரைக் கூப்பிட்டபோது, வெடித்த டயரைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஓட்டப் போகிறவர்களுக்குக் கைதட்டி நின்றாய். உன் முகத்தில் துளி வருத்தமாவது இருக்குமென்று தேடினேன். இல்லை. திரும்பும் ரயிலில் உனக்குத் தொண்டை கட்டியிருந்தது. "நான் ஜெயிச்சிருந்தா நான் ஒருத்தன்தான் ஓடியிருப்பேன். இப்ப ரெண்டு பேரு ஓடின மாதிரி நெஞ்சு அடிக்குது புள்ள" என்றாய்.

நீ எங்களை விட்டுப் போன பிறகு எல்லாரும் உன் தாராளத்தைத் தியாகம் என்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. தியாகம் செய்தவன் முகமா அது?

இன்னொருவரோடு சேர்ந்து ஓடும் அந்த ருசி எனக்கும் ஒட்டிக்கொண்டது. நான் தையல் கடை வைத்திருந்தபோது, தீபாவளி நெருக்கத்தில் எதிர்க்கடைக்காரியின் தையல் இயந்திரம் பழுதாகிவிட்டது. என் வாடிக்கைகளைப் பாதி இழுத்துக்கொண்டவள் அவள். கூப்பிட்டு என் இயந்திரத்தில் உட்கார வைத்தேன். பிள்ளைகள் முறைத்தார்கள். கடைசிப் பாவாடையைத் தைத்து முடித்து அவள் நிமிர்ந்தபோது, நான் கடை அதிரக் கத்திவிட்டேன்.

அவள் பதறிப்போய், "என்னக்கா ஆச்சு?" என்றாள்.

"ஒண்ணுமில்ல லா," என்றேன். "சந்தோஷம்."