அம்மாவின் மருந்துக் குப்பியும் மேல்மாடிப் பல் டாக்டரும்

திருவருள் முன்னிற்க.

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டிப் பேத்தியும் உடலில் நோயின்றியும் உள்ளத்தில் குறையின்றியும் இருக்க வேண்டுமென்று விளக்கின் முன் நின்று நாள்தோறும் வேண்டிக்கொள்கிறேன். இங்கே நான் நலம். உன் அம்மாவும் இப்போது நலம். இந்த ‘இப்போது’ என்னும் சொல்லைக் கண்டு நீ பதற வேண்டாம், அதை விளக்கவே இக்கடிதம். தொலைபேசியில் நாம் பேசும்போதெல்லாம் அம்மா என் தோளருகே முகத்தை வைத்துக்கொண்டு திரையில் பேத்தியைத் தேடுவது உனக்குத் தெரியும். அவள் காதுபடச் சொல்ல முடியாத செய்தி என்பதால் தாளும் பேனாவும் எடுத்தேன். அவள் துணி உலர்த்த மொட்டைமாடிக்குப் போயிருக்கிறாள். மொட்டைமாடிக்குப் போகும் வழியில்தான் பல் டாக்டரின் வீடு இருக்கிறது. ஆகையால் நிதானமாக எழுத எனக்கு வேண்டிய நேரம் கிடைக்கும்.

சென்ற மழைக்காலத்தில் அம்மாவின் நெஞ்சுத்துடிப்பு சீராக இல்லையென்று இதய மருத்துவர் புதிய மாத்திரை ஒன்றை எழுதிக்கொடுத்ததும், அதைக் காலைதோறும் தவறாமல் விழுங்க வேண்டும், ஒருநாளும் விடக் கூடாது என்று அழுத்திச் சொன்னதும் நீ அறிந்தவை. நான் சொல்லாமல் விட்டது அந்த மாத்திரை இருக்கும் குப்பியைப் பற்றி. வெள்ளைப் பிளாஸ்டிக்கில் உள்ளங்கைக்குள் அடங்கும் குப்பி அது. மூடியை வெறுமனே திருகினால் கடகடவென்று ஒலித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வருமேயன்றித் திறக்காது. கீழ்நோக்கி அழுத்திக்கொண்டே திருக வேண்டுமாம். குழந்தைகள் திறந்துவிடக் கூடாதென்று செய்த ஏற்பாடு. குழந்தைகளைத் தடுக்க நினைத்தவர்கள் முதியோரையும் சேர்த்தே தடுத்துவிட்டார்கள். அம்மாவுக்கு விரல்முட்டிகள் வீங்கியிருப்பதால் அழுத்தவும் வராது, திருகவும் வராது. எனக்கோ கட்டைவிரலின் அடியில் ஒரு பிடிப்பு. அழுத்தினால் திருக முடியவில்லை, திருகினால் அழுத்தம் நழுவிவிடுகிறது. முதல்நாள் துண்டைச் சுற்றித் திருகினேன், வெந்நீரில் காட்டித் திருகினேன், கதவிடுக்கில் கொடுத்துத் திருகினேன். பூட்டிக்கிடந்த கோயிற்கதவின் முன் நின்று பதிகம் பாடிய அடியாரை நினைத்துக்கொண்டேன். அவருக்கும் முதற்பாட்டிலேயே திறக்கவில்லை என்பது ஓர் ஆறுதல். அம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு, “குடுங்க இப்படி. மாத்திரை போடுற நேரம் தாண்டுது. மேல டாக்டர் தம்பிகிட்ட காட்டிட்டு வரேன்” என்று என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு மாடியேறிவிட்டாள்.

மேல்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவரை நீ பார்த்ததில்லை. ஓய்வுபெற்ற பல் டாக்டர், மனைவியை இழந்தவர், வயதில் என்னைவிட மிக இளையவர். வீட்டிற்குள் இருக்கும்போதும் இஸ்திரி போட்ட சட்டைதான் அணிவார். சீழ்க்கையடித்துக்கொண்டே படியிறங்குவார். என்னைக் காணும்போதெல்லாம் “என்ன புலவரே” என்பார். அதில் மரியாதை எவ்வளவு, கேலி எவ்வளவு என்று பிரித்தறிய இன்றுவரை என்னால் இயலவில்லை. ஆயுள் முழுவதும் கடைவாய்ப் பற்களை அசைத்துப் பிடுங்கிய மணிக்கட்டு அவருடையது. அம்மா நீட்டிய குப்பியைப் பேச்சை நிறுத்தாமலே திறந்து கொடுத்தாராம். இறங்கி வந்து அவள் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. “டக்குனு தொறந்துட்டாருங்க. அவர்கிட்ட பல்லு புடுங்கிக்கிட்டவங்களுக்குக்கூட வலிச்சிருக்காது போல.” அவரைத் தம்பி என்றுதான் அழைக்கிறாள், நான் மறுக்கவில்லை. ஆனால் திருமணமான நாள்முதல் இந்த வீட்டில் இறுகிய மூடி எதுவாயினும் அது வந்து சேரும் இடம் என் கையாகத்தான் இருந்தது. ஊறுகாய்ப் புட்டியானாலும் தைலப் புட்டியானாலும் அவள் என் முன் நீட்டுவாள், நான் ஒரு திருகு திருகித் திருப்பித் தருவேன், அவள் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொள்வாள். அந்த ஒன்றும் சொல்லாமைக்குள் எவ்வளவு பாராட்டு இருந்ததென்பது அது மாடிக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அன்றோடு முடிந்திருந்தால் நானும் மறந்திருப்பேன். மறுநாளும் போனாள், அதற்கு மறுநாளும் போனாள். திறந்த குப்பியை அப்படியே மூடியைச் சும்மா மேலே வைத்துவிட்டு எடுத்து வந்தால் தீர்ந்தது, நாளைக்கு யாரையும் கேட்க வேண்டாம் என்று சொன்னேன். தலையை ஆட்டினாள். ஆனால் மாத்திரையை எடுத்ததும் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து ‘டொக்’ என்று சத்தம் கேட்கும்வரை அழுத்தி மூடினாள். மூடுவதற்கு மட்டும் அந்த வீங்கிய விரல்களுக்குள் எங்கிருந்து வலிமை வருகிறதென்று நான் வியந்தேன். நீ அன்போடு அனுப்பிய, கிழமைக்கோர் அறை வைத்த வண்ணப் பெட்டியில் வாரத்துக்குரியதை ஒரே நாளில் நிரப்பி வைக்கலாமே என்றேன். “அது வேணாங்க, அது ரொம்ப லேசாத் தொறக்குது” என்று அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிட்டாள். லேசாகத் திறப்பது குற்றமா மகளே. அப்படியானால் மாடிக்குப் போவதற்குக் காரணமாகவே இதை அவள் பூட்டுகிறாள் என்று என் மனம் கணக்குப்போட்டது. போகும்முன் கண்ணாடி முன் நின்று தலைமுடியை ஒதுக்கிக்கொள்வதும், போனால் காபி ஆறும் நேரம் கழித்தே இறங்கி வருவதும், வரும்போது எதையோ நினைத்து முகம் வேறுவிதமாக இருப்பதும் அந்தக் கணக்கிற்குத் துணைநின்றன. அகப்பாடல்களில் ஊடல் தலைவிக்கே உரியது. தலைவன் பிரிவான், தலைவி வாயில் மறுப்பாள். பேரக்குழந்தை கண்ட ஒரு தலைவன் மாடிப்படியின் கீழ் நின்று ஊடினான் என்று எந்தப் புலவரும் துறை வகுக்கவில்லை. நான் வகுக்கப்படாத துறையில் நின்றுகொண்டிருந்தேன்.

சும்மாவும் இருந்துவிடவில்லை. தீர்ந்துபோன பழைய குப்பி ஒன்றை எடுத்துப் பூசையறையில் ஒளித்து வைத்து, வழிபாடு முடிந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு பயிற்சி செய்தேன். நாமங்களைச் சொல்லிக்கொண்டே அழுத்துவேன், சொல்லிக்கொண்டே திருகுவேன். நான் நெடுநேரம் ஓதுவதாக எண்ணி அம்மா வெளியில் மெல்ல நடந்தாள். என் மருந்துகளும் எனக்கு எதிராகவே திரண்டிருந்தன. இரத்த அழுத்த மாத்திரையின் அட்டையில் முதலில் ஒரு தாளை உரித்து, பிறகு உள்ளிருக்கும் அலுமினியத் தாளைக் குத்தித் தள்ள வேண்டும். உரிக்க வேண்டிய மூலை எதுவென்று எந்தக் கண்ணாடி போட்டாலும் தெரிவதில்லை. நகத்தால் சுரண்டினால் நகம் மடங்குகிறது. பின்னாலிருந்து அமுக்கினால் மாத்திரை இரண்டாக உடைகிறது, இல்லாவிட்டால் தெறித்துக் குளிர்சாதனப் பெட்டிக்கு அடியில் போய்விடுகிறது. இருமல் மருந்தின் மூடியோ கீழ்வளையத்தையும் இழுத்துக்கொண்டு சேர்ந்தே சுற்றுகிறது. இவற்றையெல்லாம் நான் மாடிக்கு எடுத்துப்போக நினைத்ததில்லை. பல்லாலும் கத்தரிக்கோலாலும் நானே முடித்துக்கொண்டேன், முடியாதபோது இருமிக்கொண்டேன்.

இந்நிலையில் பல் டாக்டர் பண்டிகை விடுமுறைக்குத் தம் மகன் வீட்டுக்குப் புறப்பட்டார். பெட்டியோடு அவர் படியிறங்கிய காலையில் என் குரல் வழிபாட்டில் சற்று ஓங்கியே ஒலித்ததாக அம்மா சொன்னாள். குப்பியை என்னிடம் கொடு என்று கையை நீட்டினேன். அழுத்தினேன், திருகினேன். பூசையறையில் வந்தது அவள் பார்வையின் முன் வரவில்லை. “விடுங்க, கீழ்வீட்டுப் பையன் வேலை முடிஞ்சு வரட்டும்” என்றாள். இன்னொருவனா என்று நினைத்தேன். கருவிப்பெட்டியிலிருந்து ஒரு குறட்டை எடுத்து மூடியைக் கவ்வி முழுவலிமையோடு திருகினேன். மூடி திறக்கவில்லை, குப்பியின் கழுத்து பிளந்தது. மாத்திரைகள் முழுவதும் பாத்திரம் கழுவும் தொட்டியில், ஊறப்போட்டிருந்த தட்டுகளின் நீரில் விழுந்து என் கண்முன்னே கரைந்து வெளுத்தன. விடுமுறையில் நம் மருந்துக்கடை பூட்டியிருந்தது. வேறு கடைகளில் சீட்டு இல்லாமல் தரமாட்டோம் என்றார்கள், சீட்டோ நம் கடையில் இருந்தது. இரண்டாம் நாள் மாலை அம்மா துணி துவைக்கும் எந்திரத்தைப் பிடித்தபடி அப்படியே தரையில் அமர்ந்துவிட்டாள். அவள் நெஞ்சின் மேல் கைவைத்துப் பார்த்தேன். உள்ளே ஏதோ ஒன்று தாளம் தப்பி ஓடிக்கொண்டிருந்தது. மருத்துவமனைக்குக் கொண்டுபோய் மாத்திரை கொடுத்து, இரவு முழுவதும் வைத்திருந்து அனுப்பினார்கள். கெடுதல் ஒன்றும் நேரவில்லை என்று மருத்துவர் உறுதியாகச் சொன்னார். உன்னிடம் சொல்லக் கூடாதென்று அம்மா என்னிடம் வாக்கு வாங்கியிருக்கிறாள். வாயால் சொல்ல மாட்டேன் என்றுதான் நான் வாக்களித்தேன்.

கடை திறந்த காலையில் பிளந்த குப்பியோடு போய் நின்றேன். கடைப் பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுக்கு ஏன் அய்யா இவ்வளவு பாடு? சாதா மூடி கேட்டா நாங்களே போட்டுத் தருவோமே. சும்மா திருகினாத் தொறந்துடும். அம்மாகிட்ட ஒவ்வொரு தடவையும் கேட்டுட்டேன், வேணாம் வேணாம்னுட்டாங்க” என்றாள். மகளே, அந்த வார்த்தை என்னை எரித்தது. எளிய மூடி ஒன்று இருந்திருக்கிறது, அவள் அதை வேண்டாமென்று சொல்லிவிட்டு வந்து என்னைக் குறடு எடுக்க வைத்திருக்கிறாள். அழுக்காறு என்னும் சொல்லுக்கு மேடைகளில் எத்தனையோ விளக்கம் சொன்னவன் நான், அது நடக்கும்போது முழங்கால் வலியையும் மறக்கச் செய்யும் என்பதை அன்று அறிந்தேன். அதே அழுத்து மூடி போட்ட புதுக் குப்பியோடு வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டேன், “சாதா மூடி வேணாம்னியாமே. ஏன், மாடியேறத் தோதா இருக்கட்டும்னா?”

அவள் முதலில் புரியாமல் பார்த்தாள். புரிந்ததும் சிரிக்கத் தொடங்கினாள். “இந்த வயசுல இது வேறயா உங்களுக்கு” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. “அந்தப் பொண்ணு எப்படிக் கேக்குதுன்னு தெரியுமா உங்களுக்கு? வீட்ல சின்னப் பிள்ளைங்க வரப்போக இருக்காங்களாம்மா, இல்லைன்னா சாதா மூடி போடுறேங்குது. இல்லைன்னு சொன்னாத்தான் அது கிடைக்கும். எனக்கு வாய் வரலைங்க. பேத்தி வரும் வரும்னு ரெண்டு வருஷமா எல்லார்கிட்டயும் சொல்லிட்டு, வராதுன்னு நானே எழுந்து நின்னு சொல்லணுமா?” என்றாள். நான் செருப்பைக் கழற்றினேன். வரும்போது மாற்றிக்கொள்ளலாமே என்றேன். “வந்த பரபரப்புல எனக்கு மூடி ஞாபகம் இருக்குமா? கிலுகிலுப்பை மாதிரி டப்பா, உள்ள மிட்டாய் மாதிரி மாத்திரை. இப்பவே பூட்டிப் பழகிக்கிட்டா கை தன்னால பூட்டும்” என்றாள். மாடியில் அவ்வளவு நேரம் என்ன பேச்சு என்றும் கேட்டேன், கேட்காமல் இருக்க முடியவில்லை. “அவருக்குப் பேரப் பிள்ளைங்க லீவுக்கு லீவு வர்றாங்க. என்ன சாப்பிடுதுங்க, எங்க படுக்குதுங்க, என்ன கேட்டு அழுதுங்கன்னு கேட்டுட்டு வரேன். எனக்கு அவர்மேல பொறாமைங்க, போதுமா” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

இதனால் பல் டாக்டரின் மேல் எனக்கிருந்த கசப்பு நீங்கிவிட்டதென்று எண்ணாதே. அவருடைய சீழ்க்கை எனக்கு இப்போதும் பிடிக்கவில்லை. ஊரிலிருந்து அவர் திரும்பிய நாள்முதல் காலையில் குப்பியை எடுத்துக்கொண்டு நானே மேலே போகிறேன். அம்மா நாளுக்கு ஒருமுறைக்கு மேல் படியேறக் கூடாதென்று மருத்துவர் சொன்னது பாதிக் காரணம், அந்த ஒருமுறையை அவள் துணி உலர்த்த வைத்துக்கொள்கிறாள். அவர் “வாங்க புலவரே” என்று திறந்து தருகிறார், நான் படியிறங்கத் திரும்பிக்கொண்டே நன்றி சொல்கிறேன். ஆனால் என் உண்மையான எதிரி அவரல்லர், உன் மகள். இத்தனை ஆண்டுகள் உடன் வாழ்ந்தவனுடைய கட்டைவிரல் வலிக்கிறதே என்று திறந்து வைக்காத குப்பியை, தன் நெஞ்சுக்கே ஆபத்து என்று தெரிந்தும், திரையில் மட்டுமே கண்ட ஒரு மூன்று வயதுச் சிறுமிக்காக அழுத்திப் பூட்டுகிறாள் உன் அம்மா. அந்தச் சிறுமிக்கு இது தெரியவும் தெரியாது. ஒருநாளாவது எனக்காக அவள் எதையாவது அப்படிப் பூட்டியிருக்கிறாளா என்று யோசித்துப் பார்க்கிறேன், நினைவுக்கு ஒன்றும் வரவில்லை.

உன் வேலையும் விடுப்பும் பயணச்செலவும் எனக்குத் தெரியாதவையல்ல. உன்மேல் குறைசொல்ல இதை எழுதவில்லை. இந்த மாத இறுதியில் குப்பி தீரும், கடைப் பெண் மறுபடியும் அதே கேள்வியைக் கேட்பாள். நீங்கள் வருவதாக இருந்தால் எந்த மாதம் என்று மட்டும் எழுது. மூடி இப்படியே இருக்கட்டும், நான் படியேறிக்கொள்கிறேன். வருவதற்கில்லை என்றால் அதையும் மறைக்காமல் எழுது. அந்த ‘இல்லை’யை அம்மா சொல்ல வேண்டாம், நான் தனியாகக் கடைக்குப் போய்ச் சொல்லிவிட்டு வருவேன்.

வெயில் ஏறியபின் வெளியில் அலையாதே, தண்ணீர் நிறையக் குடி, மாப்பிள்ளையின் முதுகுவலிக்கு அவரைத் தரையில் படுக்கச் சொல். எம்பெருமான் அருளால் உங்கள் மூவருக்கும் நீண்ட ஆயுளும் நிறைந்த வாழ்வும் கூடுக. பேத்தியின் உச்சியில் என் பெயரைச் சொல்லி ஒரு முத்தம் கொடு, போட்டி வேறு, பாசம் வேறு. பதிலைத் தொலைபேசியில் சொல்லாமல் தாளில் எழுதி, உறைமேல் என் பெயரைப் போட்டு அனுப்பு. உறையை மட்டும் மெல்ல ஒட்டு மகளே. அதையாவது யாரிடமும் கொண்டுபோகாமல் நானே திறக்க வேண்டும்.

என்றும் உங்கள் நலம் நாடும்
அப்பா