சாரை தின்னாத ராணி

பிப்ரவரி 3, செவ்வாய்
இன்றும் ராணி சாரைப்பாம்பைத் தொடவில்லை. ராஜநாகத்துக்குப் பாம்புதான் சாப்பாடு; எலியைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அப்படிப்பட்டவள் சாரையை விட்டுவிட்டு என்னைப் பார்த்துப் படமெடுக்கிறாள். என் இடுப்பளவு எழுந்து நாய் மாதிரி உறுமுகிறாள். மூன்று வருடமாக நான்தான் இவளுக்குக் காப்பாளர். போன மாதம்வரை நான் கதவைத் திறந்தால் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள்.

நான் என்ன செய்தேன்?

பிப்ரவரி 20, வெள்ளி
பூங்காவுக்குப் புதிதாக வந்த கீரிகளை மாரி அண்ணன் பார்த்துக்கொள்கிறார். "இன்னா எப்சி, உன் மூஞ்ச பாத்து ராணிக்குப் பேஜாராய்ட்ச்சா?" என்று கிண்டல். நானும் சிரித்துவைத்தேன். எங்கள் வாளி உடைந்ததிலிருந்து கூண்டு கழுவ அவருடைய வாளியும் பிரஷ்ஷும்தான். புதிது கேட்டு எழுதிக்கொடுத்தும் வரவில்லை.

மார்ச் 8, ஞாயிறு
வீட்டு ஜெபத்தில் ராணிக்காக ஒரு வார்த்தை ஜெபிக்கச் சொன்னேன். மாமியார் மூடிய கண்ணைத் திறந்துவிட்டார். "ஏவாளைக் கெடுத்ததே அதுதான். அதுக்குப் போய் ஜெபம் பண்ணச் சொல்றியேம்மா!" எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

மார்ச் 9
தொடவில்லை.

மார்ச் 27, வெள்ளி
ராணிக்கு முதுகெலும்பு தெரிகிறது. டாக்டர் சத்தியநாதன் குழாய் வழியாக உணவு ஏற்றினார். கக்கிவிட்டாள். "நம்பிக்கை வெச்சுக்காதீங்க, எப்சி" என்றார். பிறகு மூக்கைச் சுளித்து, "என்ன இது, கீரிக் கூண்டு வாடை? அங்க போயிட்டு வந்தீங்களா?"

இல்லை சார் என்று சொல்லும்போதே கையிலிருந்த வாளியைப் பார்த்தேன்.

ஐயோ. பாம்புக்கு நாக்குதானே மூக்கு! தினமும் கீரி வாடையை அவள் தரையில் நானே தேய்ச்சிருக்கேன். எவ்வளவு விஷம் இருந்து என்ன, எதிரி கூடவே இருக்கான்னு நினைச்சா சோறு இறங்குமா? எத்தனை தடவை எழுந்து நின்னு சொன்னா... இந்த மரமண்டைக்குப் புரியலையே.

மார்ச் 28
குரோம்பேட்டையில் புது வாளி, புது பிரஷ் வாங்கிப் போனேன். ராணியைப் பக்கத்து அறைக்கு மாற்றிவிட்டு வெந்நீர் ஊற்றிக் கழுவினோம். மாரி அண்ணனும் வந்து தேய்த்தார். "எனக்கும் தோணலியே, நான்தானே குடுத்துகினு இருந்தேன்" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி
கோயிலுக்குப் போகவில்லை, வேலைக்குப் போனேன். கதவைத் திறந்தேன் — ராணி படமெடுக்கவில்லை! உறுமலும் இல்லை. பழையபடி என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. சாரையை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன். வீடு வரும்வரை பொறுக்க முடியாமல் ரயிலிலிருந்தே மாமியாருக்குப் போன் போட்டுச் சொன்னேன். "அப்பாடா, நல்லது" என்றார்.

ஏப்ரல் 4, சனி
சாரை வைத்த இடத்திலேயே கிடக்கிறது. கம்பியால் ராணியை லேசாகத் தொட்டேன். படமெடுக்கத்தான் பார்த்தாள். தலை எழவில்லை. நேற்றும் படமெடுக்கப் பார்த்து, முடியாமல்தான் கிடந்திருப்பாள் போல.

ஏப்ரல் 5, ஈஸ்டர்
வீட்டு ஜெபத்தில் நான் கேட்காமலே மாமியார் ராணிக்காக ஜெபித்தார். பேர் சொல்லி, நல்லா சாப்பிட வேண்டும் என்று. ராணியைக் காலையிலேயே பூங்காவில் எரித்துவிட்டோம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆமென் என்றேன்.