உன் பேனருக்கு நான் போட்ட வானம்

என் உயிர் மச்சான் சேகருக்கு,

கோவிச்சிக்காத. ஒன்றரை மாசமா எழுதணும்னு நெனச்சு, கரண்ட் போனதால இன்னிக்குத்தான் உக்காந்தேன். புத்தலப்பட்டு ரோட்டுல நம்ம பிளெக்ஸ் கடை ஓடுது. உன் கம்ப்யூட்டர்லதான் வேலை பண்றேன்.

ஊர்ல எல்லாரும் பேனருக்குப் பின்னாடி தாமரையும் மயிலும் கேப்பாங்க. நீ மட்டும் விண்வெளி டெலஸ்கோப் எடுத்த படத்தை நைசா சொருகுவ. மஞ்சள் நீராட்டுப் பொண்ணுக்குப் பின்னாடி ஒரு கேலக்ஸி, தலைவர் பிறந்தநாளுக்கு ஒரு நெபுலா. "இன்னாய்யா இது, புகையா கீது?"ன்னு தலைவரோட ஆளு சத்தம் போட்டதுக்கு, "அண்ணே, தலைவர் ரேஞ்சே அதுதான்"னு சமாளிச்சியே, கில்லாடி!

ஆனா அந்தப் படங்க இருக்கே, அடேயப்பா! கஸ்டமர் வாட்ஸப்புல அனுப்புற போட்டோவப் பத்தடிக்கு இழுத்தா கட்டம் கட்டமா உடைஞ்சிடும். இது நம்ம மெஷின் போற அளவுக்கு இழுத்தும் உடையல. துரு கலர்ல மலை மலையா மேகம், அது விளிம்புல மெல்லிசா நீலம். நம்ம கண்ணுக்கு எட்டாத வெளிச்சத்தைக் கலரா மாத்திக் குடுக்கிறாங்கன்னு நீ சொல்லச் சொல்ல எனக்குப் பாதிதான் புரிஞ்சுது.

ஒருநாள் கறுப்பு மூலையில இருந்த புள்ளிகளத் தூசுன்னு நெனச்சு, கல்யாணப் போட்டோவுல பரு அழிக்கிற மாதிரி அழிச்சிக்கினு இருந்தேன். "அடப்பாவி, நிறுத்துடா! ஒவ்வொண்ணும் ஒரு கேலக்ஸிடா. எத்தினி கோடி சூரியன காலி பண்ண தெரியுமா?"ன்னு மண்டையில ஒண்ணு போட்ட. அப்புறம் ஒண்ணொண்ணா பெருசாக்கிக் காட்டுன. ஒண்ணு தட்டு மாதிரி, ஒண்ணு சுருள் சுருளா. அவ்ளோ அழகு மச்சான். வாங்கி வச்ச டீ ஆறிப்போச்சு.

நெஞ்சுவலின்னு சித்தூரு ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பி வரல. உன் கருமாதிக்கு நான்தான் பேனர் அடிக்க வேண்டியதாப் போச்சு. உன் போட்டோவுக்குப் பின்னாடி அந்தத் துரு கலர் நெபுலாவ வச்சேன். கீழ அஞ்சலி, தெலுங்குல ஒரு வரி, தமிழ்ல ஒரு வரி. பிரிண்டுக்குப் போறதுக்கு முன்னாடி செல்போன்ல உங்கம்மாகிட்ட காட்டுனேன்.

"இன்னாடா இது? என் புள்ள பின்னாடி நெருப்பு எரிஞ்சிக்கினு கீது! அவன நெருப்புக்குக் குடுத்தது பத்தாதா? எடுத்துடு"ன்னு கத்துனாங்க.

தாமரையே போட்டுடலாம்னு பாத்தேன். மனசு கேக்கல. உன் பேனர்லயே உன் வானம் இல்லன்னா நான் என்ன கூட்டாளி? பக்கத்துல உக்காந்து படத்தப் பெருசாக்குனேன். "இது நெருப்பு இல்லம்மா. வாயுவும் தூசியும். புது நட்சத்திரமெல்லாம் இதுக்குள்ளதான் பொறக்குது. இதோ பாருங்க, இந்தச் செவப்புப் புள்ளி இப்பதான் உருவாகிக்கினு கீது."

கண்ணாடியத் தொடச்சிப் போட்டுக்கினு ரொம்ப நேரம் பாத்தாங்க.

"பொறக்கிற எடமா?"

"ஆமாம்மா."

"பெத்தவ யாரு?"

"அந்த மேகம்தாம்மா"ன்னேன்.

"அப்ப எம்புள்ள அவகிட்ட இருக்கட்டும். போடு."

வெளிய வந்து ரோட்டோரமா நின்னு அழுதேன், வெக்கமே இல்லாம.

கூட்டு ரோட்டுல பேனர் கட்டினதும் பஸ்ஸுல போறவங்ககூட எட்டி எட்டிப் பாத்தாங்க. உன் மூஞ்சிக்காக இல்ல, தலைக்கனம் ஏத்திக்காத.

டெலஸ்கோப் இன்னும் புதுசு புதுசா படம் அனுப்பிக்கினே கீது. ஞாயித்துக்கிழமை ஆனா உங்கம்மா போன் பண்றாங்க: "டேய், வேற எதுனா வந்துதா?" நான் எடுத்துக்கினு போறேன். அவங்க பாக்கிற வரைக்கும் எந்த ஞாயிறும் தவற மாட்டேன், உன்மேல சத்தியம்.

இப்படிக்கு,
உங்கம்மாவுக்கு மிச்சமிருக்கிற மகன்,
கிருபா