சார் ஊரில் இல்லை

இன்று காலை ஆண்டிமடத்து முந்திரி வியாபாரி ஒருவர் உன் அப்பாவைப் பார்க்க வந்தார். ஜலதோஷம் போலிருக்கிறது, நீலகிரித் தைலம் தெளித்த கைக்குட்டையை மூக்கில் வைத்திருந்தார். அந்த வாசனை பட்டதும் என்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டேன். "நீங்க உக்காருங்க, எனக்கு எதுக்கு எந்திரிக்கிறீங்க?" என்று அவர் பதறினார். நீ கடைசியாக இந்த ஆபீசுக்கு வந்த அன்று உன் சட்டையில் வீசியது இதே வாசனைதான். அதற்குப் பிறகு வேலை ஓடவில்லை. எத்தனையோ கடிதங்கள் டைப் அடித்திருக்கிறேன்; விலாசம் இல்லாமல் எழுதுவது இது ஒன்றைத்தான்.

இந்த நாற்காலி நீ வாங்கிக் கொடுத்தது. பிறர் நிலத்தில் கூலிக்கு நின்ற குடும்பம் எங்களுடையது. கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். திருச்சியில் நாம் சேர்ந்து டைப்பிங் படித்தபோது நீ இரண்டு விரலால் கோழி கொத்துவதுபோல் அடித்துவிட்டு நீயே சிரிப்பாய். யுத்தம் தொடங்கிய சமயம் உன் அப்பா இந்தக் கடலைக் கம்பெனியின் அரியலூர்க் கிளைக்கு மேனேஜராக வந்தார். உனக்கென்று அவர் ஒதுக்கி வைத்திருந்த வேலைக்கு என்னைக் கையைப் பிடித்து அழைத்துப் போனாய். "அப்பா, இவன் அடிச்சா ஒரு எழுத்து தப்பாது. எனக்கு வெச்சிருக்கிறத இவனுக்குக் குடுத்துடுங்க" என்றாய். வெளியே வந்ததும், "எனக்கு அந்த ரூமுல மூச்சு முட்டும்டா, நீ தப்பிக்க வழியில்லாதவன்" என்று முதுகில் தட்டினாய்.

ஒரு வருஷத்தில் உன் அப்பாவுக்கு நான் இல்லாமல் முடியாது என்றானது. அவர் பாதி வாக்கியம் சொல்வதற்குள் மீதியை அடித்துவிடுவேன். எந்தத் தரகரை உடனே உள்ளே விட வேண்டும், யாரைச் சாயங்காலம் வரச் சொல்ல வேண்டும் என்று அவர் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். தபால் முழுவதையும் நான்தான் பிரிப்பேன். எது அவர் மேசைக்குப் போக வேண்டும் என்பதை நானே முடிவு செய்வேன். என்னைத் தாண்டாமல் யாரும் அவர் அறையின் அரைக் கதவைத் தொட முடியாது. அதில் எனக்கு எவ்வளவு பெருமை இருந்தது என்பதை உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

பிறகு நீ வரதராஜன்பேட்டைப் பெண்ணைச் சர்ச்சில் கல்யாணம் செய்துகொண்டாய். மறுநாள் உன் அப்பா வழக்கமான நேரத்துக்கு வந்தார், வழக்கம்போல் தபால் பார்த்தார். கடைசியில் தலையைத் தூக்காமலே, "அவன் வந்தா நான் ஊர்ல இல்ல. கடுதாசி வந்தா என்கிட்ட வர வேணாம். வந்ததா சொல்லவும் வேணாம். புரியுதா?" என்றார்.

"புரியுதுங்க சார்" என்றேன்.

நீ வந்தது அதற்கு இரண்டு வருஷம் கழித்து. கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு தெரிந்தது. இருமலுக்கு மார்பில் தைலம் தடவியிருந்தாய். அன்று மெட்ராஸிலிருந்து முதலாளி வந்து உள்ளே உன் அப்பாவோடு பேசிக்கொண்டிருந்தார்.

"சானடோரியத்துல சேரச் சொல்லிட்டாங்கடா. மத்தியான ரயிலுக்குப் போறேன். அப்பாகிட்ட ஒண்ணும் கேக்க வரல. அஞ்சு நிமிஷம் பார்த்துட்டுப் போறேன்."

"சார் ஊர்ல இல்லடா. பெரம்பலூர் கேம்ப் போயிருக்காங்க" என்றேன்.

சொல்லி வாய் மூடவில்லை, உள்ளே உன் அப்பா தும்மினார். அவருடைய தும்மல் உனக்குத் தெரியாதா? மூன்று தரம், அடுக்கடுக்காக. நீ அரைக் கதவைப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். கோபப்பட்டிருந்தால் கதவைத் திறந்து விட்டிருப்பேனோ என்னவோ. நீ சிரித்தாய்.

"நல்லா வேலை கத்துக்கிட்டடா. போயிட்டு வரேன்."

அவர் உத்தரவு ஒரு காரணம். முதலாளி முன்னால் ஏதாவது ரசாபாசம் ஆனால் என் நாற்காலி போய்விடும் என்பது இன்னொன்று. இரண்டாவதுதான் பெரியது.

என் ஜன்னலிலிருந்து ஸ்டேஷன் தெரியும். நீ வேப்பமரத்தடிப் பெஞ்சில் மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். ரயில் அன்று தாமதம். இரண்டு மணி நேரம். ரோட்டைத் தாண்டினால் நீ. எழுந்து வந்து, "வாடா உள்ள" என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். நான் முதலாளி சொன்ன குறிப்புகளை டைப் அடித்துக்கொண்டிருந்தேன். ஒரு எழுத்துத் தப்பவில்லை. அவர் அதைப் படித்துவிட்டு, "இப்படி ஒரு ஆள் எனக்கு மெட்ராஸ்லயே இல்ல" என்று உன் அப்பாவிடம் சொன்னார். அந்த இடத்திலேயே என்னைப் பர்சனல் அசிஸ்டென்ட் ஆக்கினார்கள். நன்றி சொல்லிவிட்டு வந்து பார்த்தபோது பெஞ்சு காலியாக இருந்தது.

நான்காம் மாதம் உன் மனைவியின் கடிதம் வந்தது. நான்தான் பிரித்தேன். நீ போய்விட்டாய் என்று எழுதியிருந்தாள். கீழே ஒரு வரி: "அவர் தங்களைப் பார்க்க வந்தபோது தாங்கள் பெரம்பலூர் போயிருந்ததாக என்னிடம் சொன்னார்."

உன் பெண்டாட்டியிடம்கூட என்னைக் காட்டிக்கொடுக்காமல் போயிருக்கிறாய்.

அந்த ஒரு கடிதத்தை மட்டும் உத்தரவை மீறி உள்ளே கொண்டு போனேன். உன் அப்பா இரண்டு தரம் படித்தார்.

"வந்தானா?"

"வந்தாருங்க சார்."

"நெஜமாவே நான் பெரம்பலூர்ல இருந்தனா?"

அங்கே சொல்லியிருக்க வேண்டும். "ஆமாங்க சார், கேம்ப்புல இருந்தீங்க" என்றேன்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்ல வேணாம்னு சொல்லியிருந்தீங்க."

"ஆமா," என்றார். "நான்தான் சொன்னேன்." கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். எனக்கு முன்னால் அவர் அழுதது அந்த ஒரு முறைதான்.

வரதராஜன்பேட்டைக்கு ஒரு தரம் போனேன், உன் மனைவியிடமாவது சொல்லிவிடலாமென்று. தண்ணீர் கொடுத்து, "உங்களைப் பத்தி எப்பவும் நல்லாத்தான் சொல்வாங்க" என்றாள். தண்ணீரைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

இப்போது யுத்தம் முடிந்து, வெள்ளைக்காரனும் போய்விட்டான். என் சம்பளம் ஏறியிருக்கிறது. மெட்ராஸ் ஆபீசுக்கு என்னைக் கேட்கிறார்கள். உன் அப்பா விட மறுக்கிறார். "இவரு என்னோட வலது கை" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார்.

அன்றிலிருந்து அவர் கேம்ப் போவதே இல்லை. பெரம்பலூருக்கும் ஜெயங்கொண்டத்துக்கும் நான்தான் போய் வருகிறேன். முதலாளி கூப்பிட்டும் மெட்ராஸ் போகவில்லை. "தேடி வர்றவங்களுக்கு நான் இருக்கணும்பா" என்கிறார். மத்தியானச் சாப்பாட்டையும் ஆபீசுக்கே கொண்டுவரச் சொல்கிறார். அரைக் கதவைக் கழற்றச் சொல்லிவிட்டார்.

அன்றும் அவர் இங்கேதான் இருந்தார் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். சொல்லலாம், தினமும் சொல்லலாம். சொன்னால் அவருக்கு மகனும் இல்லை, நானும் இல்லை. சொல்லாமல் இருப்பது அவருக்காகவா எனக்காகவா என்று கேட்டுக்கொள்வதையும் விட்டுவிட்டேன்.

சாயங்காலம் ஆபீஸ் பூட்டும் நேரத்தில் அவர் மேல்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, தினமும் கேட்பதை இன்றும் கேட்டார்.

"யாராச்சும் வந்து திரும்பிப் போனாங்களாப்பா?"

"யாரும் இல்லைங்க சார்" என்றேன்.